எலிகன்ஸ் இல்லாத தொட்டிக்கு எலிகன்ஸ் வெளிச்சம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கடல் தொட்டியில் எலிகன்ஸ் கோரல் கிடையாது. இனிமேலும் வராது. கல் பவளங்கள் அத்தனையையும் 2001-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற அட்டவணை அது. மேலே சதையும் விரல்களுமாக ஆடுவதைப் பார்த்தால் எலிகன்ஸைக் கடல் சாமந்தி (அனிமோன்) என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அடியில் சுண்ணாம்பு எலும்புக்கூடு இருக்கிறது, அதனால் அதுவும் கல் பவளம்தான். "வெளிநாட்டுச் சரக்கு, ஒன்றும் ஆகாது" என்று யாராவது போட்டோ அனுப்பினால் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். பவளப் பாறைத் துண்டை ‘லைவ் ராக்’ என்று விற்பதும் இதே கதைதான். எங்கள் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறை. வளர்வது சுண்ணாம்பு எலும்புக்கூடு இல்லாத மென்பவள வகைகள்: மஷ்ரூம், சோவாந்தஸ், கொஞ்சம் செனியா.

அப்படியிருந்தும் இந்தத் தொட்டிக்கு நான் செய்த விளக்கு எலிகன்ஸுக்கான கணக்கில் செய்தது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் ஒரு எலிகன்ஸ் வைத்திருக்கிறார். அங்கே அது முறையான அனுமதிச் சீட்டோடு கடைக்கு வருகிற சரக்கு. அவர் வீட்டில் தங்கியிருந்தபோது அதை இடம் மாற்றி, விளக்கைக் குறைத்து, அதன் போக்கைக் கவனித்த அனுபவம்தான் இங்கே நான் எடுத்த எல்லா முடிவுக்கும் அடிப்படை. மணலில் உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில், மெல்லிய நீரோட்டத்தில் வாழ்கிற எந்த உயிருக்கும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு போதும்.

எலிகன்ஸின் அறிவியல் பெயர் கேட்டலாஃபில்லியா ஜார்டினியை. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா பக்கத்துக் கடல்களில், அலை அடிக்காத இடங்களில், கடற்புல் ஓரத்தில், சேறு கலந்த மணலில் கிடக்கும். தண்ணீர் பெரும்பாலும் கலங்கலாக இருக்கும். எலும்புக்கூடு அடியில் கூம்பாகக் குறுகுவதால் அது மணலுக்குள் செருகி நிற்க வாகாக இருக்கிறது. அந்தக் கூம்பைப் பார்த்த பிறகும் அதைப் பாறை உச்சியில், விளக்குக்கு நேர் கீழே கொண்டுபோய் வைக்கிறவர்களை என்ன சொல்வது? ‘பவளம் என்றால் நல்ல வெளிச்சம் வேண்டும்’ என்ற பொதுப் பேச்சு அப்படிச் செய்யவைக்கிறது. அத்தான் தொட்டியிலும் அது பாறையின் நடு உயரத்தில்தான் இருந்தது. சதைத்தட்டு மட்டும் ஊதிப்போய், விரல்கள் உள்ளே சுருண்டு, விளிம்பு வெளுத்திருந்தது.

இந்த ஊதல் தோற்றத்தைப் பார்த்தால் கடல் தொட்டி வைத்துப் பழகிய பழைய ஆட்களுக்குப் பயம் வரும். 1990-களின் இறுதியிலிருந்து எலிகன்ஸ்கள் கூட்டம் கூட்டமாக இப்படி ஊதிச் செத்தன. ஆழத்தில் எடுத்ததைக் கடும் வெளிச்சத்தில் வைத்ததுதான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. கிருமி என்று இன்னொரு தரப்பு. அத்தானுடையது நோயா, வெளிச்சமா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வெளிச்சத்தையும் இடத்தையும் மாற்றுவது செலவில்லாத வைத்தியம், அதை முதலில் செய்வோம் என்றேன்.

தூக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விரிந்த நிலையில் அதைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கவே கூடாது. சதைக்குள் இருக்கிற தண்ணீரின் கனம் கீழே இழுக்க, எலும்புக்கூட்டின் கூரான தகடுகளில் பட்டுச் சதை கிழிந்துவிடும். கிழிந்த இடம் அழுக ஆரம்பித்தால் அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். கையுறை போட்டுக்கொண்டு, பக்கத்தில் தண்ணீரை மெல்ல விசிறி, அது முழுக்கச் சுருங்கும் வரை காத்திருந்தேன். பிறகு எலும்புப் பகுதியை மட்டும் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே நகர்த்தி, முன்பக்க மணலில் கூம்பைச் செருகினேன். சதை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை மணல். சுற்றிலும் ஒரு சாணுக்குக் குறையாமல் வெற்றிடம். அது விரியும்போது பக்கத்தில் பாறை இருந்தால் உரசிக் கிழியும். வேறு பவளம் இருந்தால் இது கொட்டிவிடும். கொட்டு சாதாரணமாக இருக்காது, சிலருக்குக் கையில் தடித்துப்போகும்.

விளக்கைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். அடுத்த சில வாரங்களில் அத்தான் அனுப்பிய படங்களில் விரல்கள் வெளியே வந்திருந்தன, நுனியில் ஊதா நிறமும் திரும்பியிருந்தது. அதன் பிறகுதான் வெளிச்சத்தை வாரத்துக்கு ஐந்து சதவீதம் என்று ஏற்றச் சொன்னேன்.

சரி, நம்ம ஊர் விளக்குக்கு வருவோம்.

தொட்டி மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர் சொச்சம் பிடிக்கும். கடையில் கிடைக்கிற கடல் தொட்டி விளக்குகள் ஒன்று விலை எட்டாது, இல்லையென்றால் சதவீதம் குறைக்க வழியில்லாமல் முழு வீச்சில் எரியும். குறைக்க முடியாத விளக்கு இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அதனால் மூன்று வாட் எல்.இ.டி. மணிகளை வாங்கி நானே கட்டினேன். ராயல் ப்ளூ பன்னிரண்டு, 6500 கெல்வின் வெள்ளை பன்னிரண்டு. நிறத்துக்கு ஒரு தொடராகப் பன்னிரண்டும் சேரும்போது கிட்டத்தட்ட 40 வோல்ட் வரும். ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியாக டிம் செய்யக்கூடிய, மின்னோட்டம் மாறாத டிரைவர், அதாவது மணிகளுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி; 600 மில்லி ஆம்பியரில் ஓட்டுகிறேன். 700 வரை தாங்கும் என்று எழுதியிருந்தாலும் நம்ம ஊர் வெயிலில் அந்த நூறை விட்டுக்கொடுப்பது நல்லது. இரண்டு தொடரும் முழுதாக எரிந்தாலும் 48 வாட்தான்.

மணிகளை, சூட்டை இழுத்து வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கில் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகினேன். ஜங்ஷன் பக்கம் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் அண்ணாச்சி ஒருவர், தொட்டியின் பின்பக்கம் நிற்கும்படி பாக்ஸ் பைப்பில் ஒரு சட்டம் செய்து கொடுத்தார். உயரம் மாற்ற வேண்டும் என்றதும் போல்ட் ஓட்டைகளை வரிசையாகப் போட்டுவிட்டு, "மீன் தொட்டிக்கு எதுக்குங்க லிஃப்டு" என்று கேட்டார். அந்த ஓட்டைகள் பிறகு ரொம்பவே உதவின. மணிகளுக்குக் கீழே ஒரு அக்ரிலிக் தகடு. தெறிக்கும் உப்புத் தண்ணீர் நேராகச் சாலிடரில் படக்கூடாது. ஒயர்கள் எல்லாம் பிளக்கை விடக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்; வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவரில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இல்லாமல் உப்புத் தண்ணீரில் கைவிடாதீர்கள். விளக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது வேண்டும்.

நீலத்தை மட்டும் எரியவிட்ட அன்றைக்கு அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏல, கல்யாண மண்டபத்துல போடுத லைட்டு மாதிரில்லா இருக்கு" என்றாள். எட்டு அங்குலம் தண்ணீருக்கு மேலே தொங்கியது விளக்கு.

அடுத்தது அளப்பது. பவளம் பயன்படுத்துகிற வெளிச்சத்தைப் ‘பார்’ (PAR) என்ற அளவில் சொல்வார்கள். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி, ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய அலைநீளங்களில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் வந்து விழுகிறது என்ற கணக்கு அது. உச்சி வெயில் 2000 பாரைத் தொடும். எலிகன்ஸுக்கு 60 முதல் 120 போதும் என்பது என் கணிப்பு. மஷ்ரூமுக்கு 30 முதல் 80. பார் மீட்டர் விலை என் விளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. என்னிடம் இருந்தது மலிவான லக்ஸ் மீட்டர்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. 6500 கெல்வின் வெள்ளை என்றால் ஏறத்தாழ 70 லக்ஸுக்கு ஒரு பார் என்று வகுத்துக்கொள்ளலாம். நீலத்தில் இந்தக் கணக்கு அடியோடு மாறிவிடும். 450 நானோமீட்டர் நீலத்தை நம் கண் மங்கலாகத்தான் உணர்கிறது. அங்கே ஏழு முதல் பத்து லக்ஸிலேயே ஒரு பார் வந்துவிடுகிறது. மலிவு மீட்டர் அந்த நீலத்தைச் சரியாகப் படிப்பதும் இல்லை. நீலமும் வெள்ளையும் சேர்ந்து எரியும்போது போன் செயலியில் லக்ஸ் பார்த்து, "ஐயோ, வெளிச்சம் பத்தவில்லை" என்று ஏற்றிவிட்டுப் பவளத்தை வெளுக்க வைக்கிறவர்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

நான் செய்தது இப்படி. மீட்டரின் உணரியைக் கனமான ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, மணல்வரை இறக்கினேன். முதலில் வெள்ளை மட்டும், 40 சதவீதத்தில். விளக்கின் நேர் கீழே மணலில் 3500 லக்ஸ் காட்டியது; அதாவது 50 பார். வலது கோடியில் 1400, அதாவது 20 பார். நீலத்தைத் தனியாக அளக்கவில்லை. இரண்டு தொடரிலும் மணி எண்ணிக்கை ஒன்று, மின்னோட்டம் ஒன்று, லென்ஸ் ஒன்று. வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல எல்.இ.டி. மேல் நிறத்தை மாற்றி ஒளிரும் பாஸ்பர் பூசியதுதான்; பூச்சில் கொஞ்சம் வீணாகும். ஆகவே அதே சதவீதத்தில் நீலம் தருகிற பார் வெள்ளைக்குக் குறையாது, சற்று கூடவே இருக்கும். நீலத்தை 60-இல் வைத்தால் நடுவில் 80-ஐ ஒட்டி. வெள்ளையோடு சேர்ந்து 130. வலது கோடியில் 50-ஐ ஒட்டி. துல்லியமான எண் இல்லை இது. ஆனால் எங்கே எவ்வளவு மடங்கு குறைகிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிட்டது. உயிரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அதுதான் முக்கியம்.

இந்த அளவுகளைப் பார்த்தபின் விளக்கை நடுவிலிருந்து ஒரு கை அளவு இடப்பக்கம் தள்ளினேன். பொதுவாக எல்லோரும் தொட்டி முழுக்கச் சமமாக வெளிச்சம் விழ வேண்டும் என்று பார்ப்பார்கள். எனக்குச் சமம் வேண்டாம். இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் மங்கல் என்று ஒரு சரிவு இருந்தால், புதிதாக வருகிற எதையும் மங்கலில் இறக்கி, அது கேட்டால் மட்டும் மெல்ல இடப்பக்கம் நகர்த்தலாம்.

நீரோட்டத்துக்கும் இதே யோசனைதான். பம்பை இடப்பக்கக் கண்ணாடியில் மேலாகப் பொருத்தி, எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பும்படி வைத்தேன். மணலில் உட்கார்ந்திருப்பதன் விரல்கள் மெல்ல ஆடினால் போதும். ஒரே பக்கம் சாய்ந்தபடியே நின்றால் ஓட்டம் அதிகம். அதன் மேல் தூசி படிந்து கிடந்தால் குறைவு.

திருநெல்வேலியில் வெளிச்சத்தைத் தனியாகப் பேசவே முடியாது, வெப்பத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால், வழக்கமாகத் தாங்குகிற வெளிச்சமே பவளத்துக்கு விஷமாகும். சூட்டில் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறி, உடைக்கும் தன்மையுள்ள ஆக்சிஜன் வகைகளைக் கக்க ஆரம்பிக்கும்; பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். கத்திரி வெயிலில் எங்கள் அறையில் மத்தியானம் தண்ணீர் 31-ஐத் தொட்டது. தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் வாங்க மனசில்லை, கரண்டு பில்லும் தாங்காது.

இங்கேதான் நம்ம ஊருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. தூத்துக்குடியில் காற்றே ஈரம். மின்விசிறி வைத்தாலும் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது, குளிரவும் செய்யாது. நமக்குக் கோடை வறண்ட கோடை. கணினியில் வருகிற 12 வோல்ட் விசிறிகள் இரண்டைத் தண்ணீர் மேற்பரப்பைப் பார்த்துச் சாய்வாக வைத்தேன். இரண்டு, மூன்று டிகிரி இறங்கியது. ஆனியில் மேற்கிலிருந்து காற்று தூக்க ஆரம்பித்ததும் அந்த விசிறியே கூடத் தேவைப்படவில்லை. இதற்கு விலை, தினமும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் ஆவியாவது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். அதனால் நிரப்புவதும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசி என்றாலும் குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றக்கூடாது, குளோரின் இருக்கும். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025-இல் நிற்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, விளக்கு எரிகிற நேரம். கோடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் ஏற்றுகிறேன். இரவு பதினொன்றுக்கு அணையும். அறை சூடாக இருக்கும் நேரத்தில் வெளிச்சம் குறைவு, குளிர்ந்த பிறகு உச்சம். பவளத்துக்கு மணி என்ன தெரியப்போகிறது, தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி. நமக்கும் வேலை முடிந்து வந்து பார்க்க வசதி. கிழக்கு ஜன்னலில் காலை வெயில் சாய்வாக வந்து கண்ணாடியில் விழுந்தது. லக்ஸ் மீட்டரைப் பிடித்தால் பல்லாயிரம் காட்டியது. ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று.

உயிர்கள் வந்தது சென்னையிலிருந்து. அங்கே தொட்டியிலேயே வெட்டிப் பெருக்குகிற நண்பர், தெர்மோகோல் பெட்டியில் கட்டி, நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்த தம்பி ஒருவன் கையில் கொடுத்தனுப்பினார். சோவாந்தஸைத் தொடும்போது கண்டிப்பாகக் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அதன் சில வகைகளில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கிறேன், பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆவியிலும் தெறிப்பிலும் அது நம் மேலேயே வரும்.

எல்லாவற்றையும் வலது கோடி மணலில்தான் முதலில் இறக்கினேன். வெள்ளை 20 சதவீதம், நீலம் 35. பக்கத்தில் நின்ற நண்பனின் மகன், "மாமா, ஒண்ணுமே தெரியலையே" என்றான். தெரியாமல் இருப்பது நல்லது. பெட்டிக்குள் இருட்டில் ஒரு ராத்திரி பயணம் செய்து வந்தவை அவை. வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றி, 40-க்கும் 60-க்கும் வந்தபோது சோவாந்தஸ் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வெளிச்சம் போதாது என்பதற்கு அதுவே அடையாளம். இடப்பக்கத் தாழ்வான பாறைக்கு மாற்றியதும் தண்டு குட்டையாகி, வாய் நிறம் ஏறியது. மஷ்ரூமில் நேர்மாறு. ஒன்றைப் பரிசோதனையாக நடு மணலுக்குக் கொண்டுபோனேன். விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு கிண்ணமாகிவிட்டது. திரும்ப வலப்பக்கம் வைத்ததும் தட்டையாக விரிந்தது.

எலிகன்ஸ் வைக்க முடிந்திருந்தால் எங்கே வைப்பேன் என்று முன்பே குறித்து வைத்த ஓர் இடம் உண்டு. முன்பக்க மணலில், நடுவுக்கும் வலது கோடிக்கும் இடையே, 80 பார் அளவில். அங்கே இப்போது ஒரு பெரிய ரோடாக்டிஸ் மஷ்ரூம் இருக்கிறது. அதற்கும் அந்த இடம் சரியாகப் பொருந்தியிருக்கிறது. இறாலைப் பொடியாக நறுக்கி, பம்பை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை ஊட்டுகிறேன். மங்கிய வெளிச்சத்தில் வாழ்வது கொஞ்சம் வாயாலும் சாப்பிட்டால்தான் வளரும். அத்தானின் எலிகன்ஸுக்கும் மைசிஸ் இறால் இப்படித்தான் போகிறது.

மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டரில் பம்பை மட்டும் விட்டுவிடுகிறேன், விளக்கை இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் இருட்டைப் பவளம் பொறுத்துக்கொள்ளும், ஓடாத தண்ணீரைப் பொறுக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் ஒன்று கைவசம் இருக்கிறது.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது அந்த அக்ரிலிக் தகடு. விசிறி ஓடுகிற மாதங்களில் அதில் உப்பு வெள்ளையாகப் படிகிறது. துடைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் லக்ஸ் பார்த்தேன். கால்வாசிக்கு மேல் வித்தியாசம். நாள் கழித்துத் துடைத்தால் மஷ்ரூமுக்கு அது திடீரென்று விளக்கைக் கூட்டியதற்குச் சமம். இப்போது துடைக்கிற அன்றைக்கு இரண்டு தொடரிலும் பத்துப் பத்துக் குறைத்துவிட்டு, அடுத்த இரண்டு வாரங்களில் பழைய அளவுக்கு ஏற்றுகிறேன்.